சீக்கிரம் அவிழ்ந்த மணிக்கட்டு

ஈரத் துண்டை உதறிக் கொடியில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள் சார். கை முதலில் கீழே வரும். துண்டின் நுனி பின்தங்கி வரும். கை நின்ற பிறகுதான் நுனி முன்னால் ஓடிப் பட்டென்று சத்தம் போடும். ஹரீஷ்குமார் சார் தன் வாக்குமூலத்தில் ‘லேக்’ என்று எழுதியிருக்கிறாரே, அது இவ்வளவுதான். கோல்ஃப் மட்டையிலும் கை முன்னால் வர வேண்டும், இரும்புத் தலை பின்னால் வர வேண்டும். மேலே மடித்த மணிக்கட்டை இடுப்பு வரைக்கும் அவிழ்க்காமல் கொண்டுவந்தால் தலை பந்தருகே வரும்போது ஒரேயடியாக வேகமெடுக்கும். அவசரப்பட்டு மேலேயே அவிழ்த்துவிட்டால் வேகமெல்லாம் காற்றோடு போய்விடும். அவர் அவிழ்த்துவிடுகிறவர்.

தன் தப்பால்தான் மாதேஸ்வரனுக்கு அடிபட்டது என்று எட்டு மாதம் கழித்து அவராகவே ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷர். அவர் எழுதியது சரியா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். பாதி சரி.

என் பெயர் செல்வம். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். ஓசூருக்கு வந்து பதினோரு வருஷம். ஜூஜுவாடிக்கு உள்ளே தள்ளி, தைல மரங்களுக்குப் பின்னால் இருக்கிற பயிற்சி மைதானத்தில் பந்து பொறுக்கும் வேலையில் சேர்ந்தேன். மட்டை பிடிப்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. செல்போனில் வீடியோ பார்ப்பேன், நிறுத்தி நிறுத்தி நோட்டில் படம் வரைவேன். பிறகு மட்டை ரிப்பேரும் நானே பார்க்க ஆரம்பித்தேன். கம்பெனி மேனேஜர்கள் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். ஹரீஷ்குமார் சார் பெங்களூர்க்காரர். என்னைக் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார்.

மாதேஸ்வரன் கெலமங்கலத்துக்காரன், என்னோடு மைதானத்தில் வேலை செய்தவன். அவனும் நானும் ஜூஜுவாடியில் ஒரே ரூமில் ஆறு வருஷம் இருந்தோம். நான் ‘ஏலே மாதேசு’ என்று கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பான்.

“ஏலே ஏலேங்காதடா. ஆட்டத் தொரத்தற மாதிரியே இருக்குது.”

“ஆடுதானல நீ.”

“ஆடுன்னா ஆடி பதினெட்டுக்கு வெட்டிப்போடு. வெட்டறதுக்கு முன்னாடி டீ வாங்கிக்குடு.”

இப்படித்தான் பேசுவான். ரூமுக்குள் ஒரு ஆள் பேசுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று, நீங்கள் குடும்பத்தோடு இருக்கிறவர், உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்கு ஊரில் யாரும் இல்லை. போனில் பேலன்ஸ் இருக்கும், கூப்பிட நம்பர் இருக்காது.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. மெம்பர்கள் குனிய மாட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் எங்களில் ஒருவன் எதிரே குந்தியிருந்து பந்தை எடுத்து வைக்க வேண்டும். வேறு ஊர்களில் அடிக்கிறவனுக்கு முன்னால் ஆளை நிற்கவே விட மாட்டார்களாம். இங்கே பழகிவிட்டது. ஹரீஷ்குமார் சாருக்கு மாதேஸ்வரன்தான் வைப்பான். பந்தை வைத்துவிட்டு வலது கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பான். மூன்று சனிக்கிழமை கவனித்தேன். அந்தக் கை ஒருமுறைகூட இடம் மாறவில்லை.

எதற்குக் கவனித்தேன் என்பதையும் சொல்கிறேன்.

ஆனி மாதத்தில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பூங்கொடி என்று பெயர். உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலையும் கிடைத்தது. கெலமங்கலத்திலிருந்தே கம்பெனி பஸ் உண்டு. ஒரு திங்கட்கிழமை மெடிக்கல் டெஸ்ட், ஆவணியில் கல்யாணம். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னான்:

“நீயும் ஒரு பொண்ணப் பாத்துக் கட்டிக்கடா. எத்தன நாளைக்கு இந்தச் செவுத்தப் பாத்துக்கினு கெடப்ப?”

“நீ போய்ட்டு வால, பாத்துக்கலாம்.”

“எங்க வர்றது? போனாப் போனதுதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

நான் நிதானமாக யோசிக்கிறவன் சார். கை எலும்பு முறிந்தால் மெடிக்கலில் எடுக்க மாட்டார்கள். வேலை போனால் கல்யாணம் தள்ளிப்போகும். கல்யாணம் தள்ளினால் ரூமுக்கு வந்துவிடுவான். கட்டுப் போட்ட கைக்கு நான் சோறு பிசைந்து கொடுப்பேன். ஒன்றரை மாதத்தில் எலும்பு கூடிவிடும். யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

மெடிக்கலுக்கு முந்தின வாரம் ஹரீஷ்குமார் சார் ஏழாம் நம்பர் மட்டையைக் கொண்டுவந்தார். “தலை கொஞ்சம் ஆடற மாதிரி இருக்கு குரு, பாரு” என்றார். தலையைச் சூடுகாட்டிக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, தண்டின் நுனியைத் தேய்த்து, இரண்டு ட்யூப் பசையையும் சம அளவு கலந்து ஒட்டி, ஒரு நாள் முழுக்க அசையாமல் வைக்க வேண்டும். நான் இரண்டாவது ட்யூபில் ஒரு சொட்டுதான் எடுத்தேன். தண்டைத் தேய்க்கவும் இல்லை. தண்டும் தலையும் சேருகிற இடத்தை மூடும் கறுப்பு வளையத்தைத் தள்ளி இறுக்கித் துடைத்துவிட்டால் புதுசு மாதிரிதான் இருக்கும்.

கழன்ற தலை, கழன்ற நொடியில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம்தான் நேராகப் போகும். லேக் பிடிக்கத் தெரிந்தவர் கையில் அது கீழே, பந்தருகே கழலும். காலி மைதானத்தில் போய் விழும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. மேலேயே அவிழ்க்கிறவர் கையில் முன்னாடியே கழலும். எதிரே, சரிவாக, குந்தியிருக்கிறவன் முழங்கால் உயரத்துக்கு வரும். நோட்டில் நாலு பக்கத்துக்கு வரைந்து பார்த்தேன். அந்த நோட்டையும் கொண்டுவந்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்துப் பந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினொன்றாவது பந்தை மாதேஸ்வரன் வைத்தான். கையை முழங்காலுக்குக் கொண்டுபோனான். ஹரீஷ்குமார் சார் மட்டையைத் தூக்கும்போது, கறுப்பு வளையத்துக்கும் தலைக்கும் நடுவில் நூல் அளவு இடைவெளி தெரிந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அப்போதுதான் நான் கூப்பிட்டேன். “ஏலே மாதேசு.”

அவன் முழங்காலிலிருந்து கையை எடுத்துத் தரையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து என்னைப் பார்த்தான். கை இருந்த இடத்துக்கு முகம் வந்தது.

கூப்பிடாமல் இருந்திருந்தால் கையில்தான் பட்டிருக்கும். ‘சார், நிறுத்துங்க’ என்று ஏன் கத்தவில்லை என்று கேட்பீர்கள். நானும் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாயில் அவன் பெயர்தான் வந்தது.

வலது கண் போய்விட்டது. ஒரு கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறுகிறது. ஆஸ்பத்திரியில் விபத்து என்று எழுதினார்கள். மட்டைத் தலை தைல மரத்தடியில் கிடந்தது, நான்தான் எடுத்தேன். போன மாதம் ஹரீஷ்குமார் சார் மாதேஸ்வரன் வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

“குரு, உண்மையச் சொல்லு. நான் கையச் சீக்கிரம் விட்டுட்டனா?”

“ஆமா சார், விட்டுட்டீங்க.”

நான் பொய் சொல்லவில்லை. விட்டார்தான். அவர் விடுவார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வேறு யார் மட்டையையும் தொடாமல் அவர் மட்டையைத் தேர்ந்தெடுத்தேன். அவருக்கு மூன்று மாதம் லேக் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தக் கடைசி மாதம் மட்டும் எதையும் திருத்தவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நான் கெலமங்கலத்தில் மாதேஸ்வரன் வீட்டில்தான் இருக்கிறேன். அவன் அம்மா சரோஜம்மாள் எனக்கும் சேர்த்துக் களி கிண்டுகிறார். “நீயும் எம்புள்ளதாங் கண்ணு, எங்கயும் போயிராத” என்கிறார். என்னை அப்படி யாரும் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. பூங்கொடி இரண்டு முறை வந்தது. அவன் தூங்குகிறான் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். விழித்துத்தான் இருந்தான். ஆனால் அவளைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும் இல்லையா.

அவனுக்கு நிறைய மறந்துவிட்டது. ஒன்று மட்டும் நினைவில் நிற்கிறது. தினமும் கேட்கிறான்.

“எ… என்னத்துக்குடா… கூப்ட்ட?”

“டீ குடிக்கத்தான்ல.”

அதைக் கேட்டதும் வாயைத் திறப்பான். நான் ஆற்றி ஆற்றி ஸ்பூனில் கொடுப்பேன். ஒரு பக்கம் வழியும், துடைத்துவிடுவேன்.

கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் சார். ஆனால் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் என்னை விட்டுவிட முடியுமா என்று பாருங்கள். அவன் அம்மா இருக்கிறார், அவன் தம்பி இருக்கிறான், கதவருகில் வந்து நின்றுவிட்டுப் போகிறாளே, அந்தப் பெண்ணும் இருக்கிறாள். இருந்தாலும் என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.