வாயு என்றுதான் வந்தார்கள்

குமாரபாளையத்தில் நெஞ்சு வலித்தால் முதலில் சோடாதான் குடிப்பார்கள். அதற்குக் கேட்காவிட்டால் பூண்டு. அதற்கும் கேட்காவிட்டால்தான் எங்களிடம் வருவார்கள். வரும்போதே என்ன வியாதி என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்: வாயு. மறுத்துப் பேசினால் முகம் மாறிவிடும். இங்கே டாக்டராக இருந்து பார்த்தால்தான் உங்களுக்கு இது புரியும், இன்ஸ்பெக்டர்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்லூரி மாணவனின் இ.சி.ஜி.யைப் பார்த்து, மாரடைப்பு என்று பயந்து ஆம்புலன்ஸில் ஈரோட்டுக்கு அனுப்பிவிட்டேன். அந்த வயதில் சில பேருக்குக் கோடு அப்படித்தான் இருக்கும் என்று அங்கே சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் பெரிய டாக்டர் நர்ஸுகள் எதிரிலேயே அந்தப் படத்தை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினார். "ஒரு படத்த வெச்சு முடிவு பண்ணாதப்பா. திரும்ப எடு. மாறுதான்னு பாரு." நர்ஸ் தனப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

அதற்கப்புறம் வெறியாகப் படித்தேன். புத்தகத்தில் மாரடைப்பை வரிசையாக வரைந்திருப்பார்கள். முதலில் அலை கூராக உயரும், பிறகு கோடே மேலேறி வளையும், கடைசியில் பள்ளம் விழும். ஆனால் நேரில் அதை முழுதாகப் பார்க்க வாய்ப்பதில்லை. கோடு ஏறும்போதே மருந்து கொடுத்துவிடுகிறோம். பாதியிலேயே அறுந்துபோகிறது.

பெரிய டாக்டர் ஒரு கல்யாணத்துக்குத் திருச்செங்கோடு போயிருந்த மத்தியானம் காளியப்பன் வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். கூடவே அவர் மனைவி ஆராயி. "வாயுங்க சாமி. மொச்சக்கொட்டக் கொழம்பு தின்னாருங்க" என்றார். நான் மறுக்கவில்லை. வாயு என்று என் வாயால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். படுக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

படம் எடுத்தேன். வயிற்றுக்கு ஓர் ஊசி போட்டேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுத்தேன். தனப்பிரியா கதவோரம் வந்து, "சார், ஈரோட்டுக்குச் சொல்லிரட்டுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஒரு படத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று அவளுக்குச் சொன்னேன். படத்தை எட்டிப் பார்த்தாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த படத்துக்கு ஒயரை மாட்டும்போது ஆராயி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சாமி, வாயுவுக்கு எதுக்குங்க இத்தன தடவ படம் புடிக்கறீங்க?"

"பாத்துக்கறது நல்லதுதானுங்க."

"அவருக்கு வேத்துக் கொட்டுதுங்க. நீங்க அவர எங்க பாக்கறீங்க? அந்தக் காயிதத்தையே பாக்கறீங்க." எழுந்துவிட்டார். "நாங்க பவானிக்குப் போயிக்கறமுங்க."

காளியப்பன்தான் தடுத்தார். "டாக்டரு பக்கத்துலயே நிக்கறாரு. நீ கம்முனு இரு." அவர் என்னை நம்பியது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வேறு யாரும் அதுவரை அப்படி நம்பியதில்லை.

கோடு வளைந்தது. புத்தகத்தில் இருப்பது போலவே வந்தது. பள்ளம் விழ ஆரம்பித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதே ஈரோட்டுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் திரும்பினேன். அதற்குள் அவருக்குக் கண் செருகிவிட்டது. நெஞ்சை அமுக்கினேன், ஷாக் கொடுத்தேன், முறையாக எல்லாம் செய்தேன். தனப்பிரியாவைக் கேளுங்கள், என் கை நடுங்கவே இல்லை.

ஆராயி என்னைத் திட்டுவதில் எனக்கு வருத்தமில்லை. புருஷனைப் பறிகொடுத்தவர். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, மாரடைப்பு என்று தெரியாமல் கவனக்குறைவாக விட்டுவிட்டார் என்று, அதில் மட்டும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். தயவுசெய்து மாற்றி எழுதுங்கள். முதல் படத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.