எட்டு வயசுல பெத்த புள்ள

"அரே மாஜி, எட்டு வயசுலயா புள்ள பெத்தீங்க?"ன்னு கேக்குறான் டீச்சரம்மா, அந்தத் தாசில்தார் ஆபீசுல உக்காந்திருக்க பையன்! மீசகூட ஒழுங்கா மொளைக்கல. அதையும் இந்தியில சத்தமாக் கேக்குறான், வரிசையில நிக்கிற பெங்காலி, தெலுங்கு அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாங்க. மானமே போச்சு... கொஞ்சம் நவுந்து உக்காருங்க, காலை நீட்டிக்கிறேன். எங்க ஊரு ஹட் பேல ஏறுனதுலருந்து என்னா ஆட்டு ஆட்டுது இந்தக் கப்பல்! போர்ட் பிளேர் போறதுக்குள்ள கொடலே வெளிய வந்துரும்.

எங்க விட்டேன்? ஆங், வாரிசு சர்ட்டிபிகேட்டு. எங்க வீட்டுக்காரரு போன வருசம் போய்ச் சேந்தாரு. சுனாமிக்கு அப்புறம் சர்க்கார் குடுத்த வீடு அவரு பேர்ல இருக்கு. உயில் எழுதி வைங்கன்னு சொன்னா, "என்னைய அனுப்பப் பாக்குறியா?"ன்னு மொறைப்பாரு. பேனாவத் தொட்டா எமன் வந்துருவான்னு நெனப்பு. தொடாமயே வந்தான். சரி, நானும் எம் மக ஷீலாவும்தானே, ஆளுக்குப் பாதின்னு போனா, அந்தப் பையன் பழைய குடும்பக் கார்டப் பிரிச்சு வச்சுக்கிட்டு, "உங்க மகன் நாகலிங்கம் எங்க? அவருக்கும் சம பங்கு, மூணுல ஒண்ணு. அவரு கையெழுத்து இல்லாம வீடு மாறாது"ங்கிறான்.

எனக்கு ஏது டீச்சரம்மா மகன்? நாகலிங்கம் எங்கூடப் பொறந்த தம்பி!

போர்ட் பிளேர் வக்கீலுக்குப் போன் போட்டா, "தம்பின்னா உங்க வீட்டுக்காரர் சொத்துல ஒரு செங்கல்லுகூடக் கெடயாது. மகன்னா ஷீலாவுக்கு என்ன உண்டோ அது அவருக்கும் உண்டு. எதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க"ன்னுட்டாரு. முடிவு பண்றதாம்!

அவன் எப்படிப் புள்ளையானான்னா... சிலோன்லருந்து வந்து கேம்புல கெடந்தப்ப, இந்தத் தீவுல தோட்ட வேலைக்கு ஆள் எடுத்தாங்க. புருசன், பொஞ்சாதி, புள்ளைங்க, அவ்ளோதான் குடும்பம். மச்சினன்லாம் கணக்குல கெடயாது. எனக்கு இருவத்திரண்டு, அவனுக்குப் பதினாலு. அப்பன் ஆத்தா இல்லாத பய, எங்க விட்டுட்டு வர? பேர் எழுதுற ஆளு தலைய நிமித்தாம, "இது யாரு?"ன்னாரு. நான் பட்டுன்னு "எம் மகன்"னுட்டேன். அவரும் எழுதிட்டாரு. முப்பத்தஞ்சு வருசமா எவனுக்கும் வயசக் கழிச்சுப் பாக்கத் தோணல, இந்தப் பையனுக்குத் தோணுது! என்னத்தப் படிச்சுத் தொலைச்சானோ.

அதோ பாருங்க, கேண்டீன்கிட்ட நிக்கிறானே, நரைச்ச தலை, அவன்தான். எனக்கு வாந்தி வருதுன்னு தேத்தண்ணி வாங்கப் போயிருக்கான், உங்களுக்கும் சேத்து. எம் பையையும் அவன்தான் தூக்கிட்டு வர்றான். அவன் எம் புள்ள இல்லன்னு எழுதிக் குடுக்கத்தான் ரெண்டு பேரும் போறோம். பங்கு கேக்குறானான்னா? கேக்கல. அதான் எரிச்சல்! கேட்டாலாச்சும் நாலு வார்த்த திட்டலாம். கப்பல் டிக்கெட்டையும் அவனே எடுத்துட்டான்.

என்னா கேட்டீங்க? அவனுக்கு வீடு இல்லையான்னா?

...அந்த ஜன்னல அடைங்களேன், காத்து மூஞ்சியில அடிக்குது.

பஜார்கிட்ட ஒரு குடிச இருந்துச்சு. சுனாமி கொண்டு போயிருச்சு. வீடு போனவங்க பேர எழுத வந்தப்ப, "இவரு தனிக் குடும்பமா?"ன்னு கேட்டாங்க. பழைய கார்டுல இருக்கறத மாத்திச் சொன்னா, பொய் சொல்லி வந்தவங்கன்னு வம்பாயிருமோன்னு பயந்து, "எம் புள்ளதான், எங்ககூடத்தான் இருக்கான்"னு... நான்தான் சொன்னேன். பக்கத்துலதான் நின்னான். அவனும் ஆமான்னு தலைய ஆட்டுனான். அவனுக்கு வர வேண்டிய வீடு வரல. கல்யாணமும் கூடி வரல. இன்னும் எங்க வீட்டுக்குப் பின்னாடி தகர ஷெட்டுலதான் படுத்துக்கிறான்.

நேத்துக் கேட்டேன், "டேய், வக்கீல் முன்னாடி என்னா சொல்லப் போற?"ன்னு. "நீ சொல்றதத்தான்கா. எப்பவும் அப்படித்தானே"ங்கிறான். அதுலருந்து சோறு எறங்கல எனக்கு, சனியன்!

அட, எந்திரிச்சிட்டீங்க? கரை வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே! பாத்ரூமா? பெட்டியையும் தூக்கிக்கிட்டா பாத்ரூம் போவாங்க? சரி சரி, போங்க.

டேய் நாகலிங்கம்! எங்கடா இவ்ளோ நேரம்? குடு. டீச்சரம்மா போயிருச்சு, அதுக்கு வாங்குனத நீ குடி. உக்காரு. இங்க பாரு... தம்பின்னு எழுதிக் குடுக்க வேணாம். ஷீலாகிட்ட நான் பேசிக்கிறேன். மூணுல ஒண்ணுன்னா ஒண்ணுதான். என்னா முழிக்கிற? அந்த ஆபீஸ் பையன் மறுபடி கேட்டாக் கேக்கட்டும்.

எட்டு வயசுலதான் பெத்தேன்னு சொல்லிக்கிறேன், போ!