துருவத்தில் திறந்த மடை

"சூரியனோட தலையில ஓட்டைன்னு சொன்னா டாக்டர் பட்டமா அண்ணி?"

தஞ்சாவூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அண்ணியும் நாத்தனாரும். அண்ணிக்கு இன்றைக்கு ஆராய்ச்சிக்கான வாய்மொழித் தேர்வு. சாப்பாட்டுக் கூடை நாத்தனார் மடியில்.

"தலையில மட்டுமில்லடி, காலடியிலயும் இருக்கு. ரெண்டு துருவத்துலயும்."

"ஏன் அங்க?"

"அதைத்தான் கேப்பாங்க. கேட்டா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

"எங்கிட்ட சொல்லுங்க. நான் மார்க்கெல்லாம் குறைக்கமாட்டேன்."

"நடுப்பகுதியில காந்தக் கோடு வளைஞ்சு சூரியனுக்கே திரும்பிடும். வரப்புக்குள்ள தண்ணி மாதிரி சூடான வாயு அடைபட்டு நிக்கும். துருவத்துல கோடு திரும்பாம வெளிய நீண்டுடும். மடை திறந்த மாதிரி வாயு பாய்ஞ்சு போயிடும். ஒளிர்ற வாயு குறைஞ்சதால அந்த இடம் இருட்டாத் தெரியும். அதான் ஓட்டை."

"எனக்கே புரிஞ்சிடுச்சு. புரொபசருக்குப் புரியாதா?"

அண்ணி முகம் அப்போதுதான் மலர்ந்தது. பல்கலைக்கழக நிறுத்தம் வந்ததும் இறங்க எழுந்தார்.

"அண்ணி, மடைன்னதும் ஞாபகம் வருது. அண்ணன் போன் பண்ணுச்சு. நட்ட வயலுக்கு மடையைத் திறந்துவிட்டுட்டு வரப்புலயே நிக்குதாம். நீங்க பாஸுன்னு சொன்னாத்தான் அடைக்குமாம்."

"ஐயையோ, நாத்து மூழ்கிடுமேடி!"

"அப்ப சீக்கிரம் பாஸ் பண்ணுங்க!"

பஸ்ஸே சிரித்தது. அண்ணியும் சிரித்துக்கொண்டே இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனார், கூடையோடு நாத்தனாரும் பின்னால்.