உள்ளே இருந்தவள்

— ஒரே ஒரு மணி நேரமுங்க்கா. கயலை அனுப்புங்க. என்னை அம்மான்னு கூடக் கூப்பிட வேண்டாம். பக்கத்துல உட்காந்திருந்தாப் போதும்.

— லூசா நீ மரகதம்? இதுக்குத்தான் சனிக்கிழமையும் அதுவுமா வரச்சொன்னியா? என் பொண்ணை உன் பொண்ணுன்னு காட்டணுமா? யாருக்கு?

— செத்துப்போன பைலட்டோட சம்சாரத்துக்குங்க. ‘என் வீட்டுக்காரர் கடைசியாக் காப்பாத்துன குழந்தையை ஒரு தடவை பாக்கணும்’னு லெட்டர் போட்டிருக்காங்க. மூணு மணிக்கு வர்றாங்க.

— வெயிட் வெயிட். என்ன குழந்தை? உங்களுக்குத்தான் குழந்தையே இல்லையே!

— அக்டோபர்ல எங்க பழைய வீட்டு மலையில தீப்புடிச்சுதுல்லீங்க? ஆபீஸ்ல இருந்து ஓடி வந்தேன். ஃபயர்காரங்க ரோட்டை மறிச்சு நின்னாங்க. ‘என் புள்ள உள்ள இருக்கா’ன்னு கத்திப்போட்டேன். அதை ரேடியோவுல தீயணைக்கற பிளேனுக்குச் சொல்லிட்டாங்க.

— ஐயோ கடவுளே.

— பிளேன் எங்க தெருவுல செவப்பு மருந்தைக் கொட்டிட்டு மேல ஏறிருச்சு. எங்க வீட்டுக்காக மறுக்காத் திரும்புச்சுங்க்கா. அவ்வளவு கீழ. மருந்து கூரையில விழுந்துச்சு, வீடு தப்பிச்சிருச்சு. அப்புறம் றெக்கை மலையில இடிச்சு... நான் பாத்துட்டே நின்னேன்.

— அதெல்லாம் யுத்த காலத்து ஓட்டை பிளேனாம், எங்க வீட்ல சொன்னார். ஜெட் பிளேனா இருந்தா டக்குனு ஏறியிருக்குமாம்.

— எந்தப் பிளேனா இருந்தா என்னங்க்கா? வரவழைச்சது நான்தானுங்க. இப்பவும் ஆபீஸுக்கு மேல பிளேன் போனா மேஜைக்கடியில உட்காந்துக்கறேன். கண்ணை மூடுனா அது மறுக்காத் திரும்புது.

— அப்போ உண்மையைச் சொல்லிடு. ப்ளீஸ். உன் பொய்க்குள்ள என் பொண்ணை இழுக்காத. அனுப்ப மாட்டேன்.

— ‘ஒண்ணுமில்லாததுக்கா என் புருசன் செத்தார்?’னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?

— சரி, எந்திரி. மூணாகப் போகுது, டேபிளையாவது க்ளீன் பண்ணலாம். இந்த எவர்சில்வர் டப்பாவுல என்ன, எல் கமினோ ரோட்டு இந்தியன் கடை முறுக்கா? தட்டுல கொட்டட்டுமா?

— அக்கா! தொடாதீங்க!

— ஏய், ஏன் இப்படிக் கத்துற? என்ன இருக்கு இதுல?

— டெக்சாஸ்ல, சுகர் லேண்டுல இருந்தப்ப எங்களுக்கு ஒரு புள்ள இருந்தா. பவித்ரா. நாலு வயசு. காய்ச்சல்ல போயிட்டா. இங்க யாருகிட்டயும் சொல்லலீங்க, சொல்ல வாய் வரல.

— மரகதம்... இது...

— காவேரியில கரைக்கோணும். கிரீன் கார்டு வராம ஊருக்குப் போனா திரும்ப விடமாட்டாங்கன்னு வக்கீல் சொல்லிட்டார். மூணு வருசமா சாமி அலமாரியிலதான் இருந்தா, இன்னிக்குத்தான் கீழ எடுத்தேன். தீப்புடிச்ச அன்னிக்கும் அங்கதான் இருந்தா.

— பெல் அடிக்குதுடி. அவங்கதான் போல. நான்... நான் கயலைக் கூட்டிட்டு வரட்டுமா?

— வேண்டாமுங்க்கா. நீங்க போய்க் கதவைத் திறங்க. அவர் காப்பாத்துன புள்ளையை நானே எடுத்துட்டு வர்றேன்.