பாதியில் நின்ற ஷட்டர்

ஆகஸ்ட் 14, வியாழன்.

இன்று செய்த தவறு: படகுக் கொட்டகையின் இரும்பு ஷட்டரை முழுக்க மேலே தள்ளாமல் பாதியில் விட்டுவிட்டேன். அது துருப்பிடித்திருக்கிறது, ஒரே மூச்சில் ஏறாது. ஆனால் அதைக் காரணமாகச் சொல்லக்கூடாது. துரு இருப்பது தெரிந்தவன் இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளியிருக்க வேண்டும்.

நாட்குறிப்பை அன்றைய தவறில் தொடங்கி மறுநாள் வேலையில் முடிக்க வேண்டும் என்பது மாலை வகுப்பில் கட்டுரை சொல்லித்தரும் டீச்சரின் விதி. நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், நடந்த வரிசையில் இருந்தால் போதும் என்பார். என் நோட்டில் 'ஒருவேளை' என்ற சொல்லைப் பார்த்தால் சிவப்பு மையால் வட்டம் போடுவார். இன்று நடுவில் எழுத நிறைய இருக்கிறது. வட்டம் விழாதபடி எழுத முயல்கிறேன்.

எங்கள் அணை சின்னது. அதிலிருந்து மின்சாரமும் எடுப்பதில்லை, பாசனமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் பெடல் படகு ஓட்டவும், நீந்தவும், புல்வெளியில் விரிப்பைப் போட்டுச் சாப்பிடவும் ஒரு ஏரி வேண்டும் என்று கட்டியது. ஒரே ஒரு மதகு. அதற்குக் கீழே ஒரு சிமெண்ட் தொட்டி. பாய்கிற தண்ணீரின் வேகத்தை உடைப்பதற்காகத் தொட்டியில் கான்கிரீட் கட்டைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் அவற்றைப் பற்கள் என்போம். மதகைத் திறந்து மூடிய பிறகு பற்களின் இடுக்கில் கிளைகளும் பாட்டில்களும் ஒற்றைச் செருப்புகளும் சிக்கிக் கிடக்கும். ஒருவர் இரும்பு ஏணி வழியாக இறங்கி அவற்றை எடுக்க வேண்டும்.

அந்த ஒருவர் என் அக்கா வீட்டுக்காரர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். படகுகளும் தொட்டியும் அவர் பொறுப்பு. அக்கா டிக்கெட் கவுண்டரில். மதகு அறையும், கொட்டகை ஷட்டரை ஏற்றி இறக்குவதும் என் பொறுப்பு. அந்த வேலையை வாங்கித் தந்தவரும் மாமாதான். அணைக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் மூவரும் ஒன்றாக இருந்தோம். எனக்கு முன்னறை, அவர்களுக்கு உள்ளறை, நடுவில் பிளைவுட் தடுப்பு.

எதையும் இரண்டாம் முறை பார்க்காமல் என்னால் நகர முடியாது. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பேன், பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். அதனால் அணையில் என் பெயர் 'இன்னொருதடவை'.

"வாங்க இன்னொருதடவை சார்" என்பார் கேண்டீன்காரர். "டீயில சக்கரை போட்டுட்டேன். நம்பிக் குடிப்பீங்களா, இல்ல டப்பாவத் திறந்து காட்டணுமா?"

"அவனை விடுங்கண்ணே" என்பார் மாமா. "கல்யாணம் பண்ணி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்புறம், இது நம்ம பொண்டாட்டிதானான்னு இன்னொருதடவை விசாரிப்பான்."

படகுக்கு வரிசையில் நிற்பவர்களும் சிரிப்பார்கள். இதைக் காரணமாக எழுதவில்லை. நடந்தது என்பதால் எழுதுகிறேன்.

தொட்டியில் இறங்குபவர் மதகுச் சுவிட்சின் சாவியைத் தன் சட்டைப் பையில் எடுத்துப் போக வேண்டும் என்பது விதி. சாவி கீழே இருந்தால் மேலே யாரும் மதகைத் திறக்க முடியாது. மாமா முதலில் அப்படித்தான் செய்தார். ஒரு முறை சாவி நழுவிச் சேற்றில் விழுந்து, தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதன்பின் என்னிடமே கொடுத்துவிடுவார்.

"நீ மேல இருக்கும்போது எனக்கு எதுக்கு மாப்ளே பூட்டு? ஊர்ல எவனை நம்பலன்னாலும் உன் சந்தேகத்தை நம்பலாம்."

ஜூன் மாதத்தில் ஒரு நாள் அக்காவின் நெற்றியில் காயத்தைப் பார்த்தேன். முடியை முன்னால் இழுத்துவிட்டு மறைத்திருந்தாள். சுற்றிலும் கருநீலமாக வீங்கியிருந்தது.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்லடா. இடிச்சுக்கிட்டேன்."

"எதுல?"

"எதுலயோ. விடேன்."

அன்று சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமாவின் குரல் கேட்டது. "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. புரிஞ்சுதா?" அக்கா, "சொல்லல, சொல்லல" என்றாள்.

மறுநாள் கவுண்டரில் அவளிடம் நேராகவே கேட்டேன். "மாமா அடிச்சாரா?"

சிரித்துவிட்டாள். "லூசாடா நீ? அவர் கொசுவ அடிக்கவே ரெண்டு நாள் யோசிப்பாரு. போய் வேலையப் பாரு."

அடி வாங்கியவள் அப்படித்தான் சிரிப்பாள் என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை.

மதகைத் திறப்பதற்கு முன் சைரனை மூன்று முறை ஊத வேண்டும். காலைச் சோதனைக்கு ஒரே ஒரு நீள ஊதல். காயத்தைப் பார்த்த வாரத்தில் ஒரு நாள், மாமா தொட்டியில் இருந்தபோது மூன்று முறை ஊதினேன். மதகைத் தொடவில்லை. அவர் தடதடவென்று ஏணியில் ஏறி, நனைந்த கால்சட்டையோடு அறைக்கு வந்து நின்றார்.

"என்னடா, தண்ணி விடறியா?"

"இல்ல மாமா. மூணும் ஒழுங்காக் கேக்குதான்னு ஒரு சந்தேகம்."

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லாக் கேட்டுது சாமி. என் தாத்தாவுக்கே கேட்டிருக்கும், அவர் செத்து இருபது வருஷமாச்சு."

அதற்குப் பிறகும் ஊதினேன். அடுத்த முறை ஏணியின் பாதி வரை வந்து, அங்கிருந்தே என்னைத் திட்டிவிட்டு இறங்கினார். பிறகு அண்ணாந்து பார்ப்பதோடு சரி. பிறகு குனிந்த தலை நிமிராமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுவார், 'கேட்டுவிட்டது, போ' என்பது போல. முதலில் ஊதியது உண்மையான சந்தேகத்தினால்தான். எந்த நாளிலிருந்து அது சந்தேகமாக இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. அவர் கையை மட்டும் தூக்கிய நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூலைக் கடைசியில் மேற்பார்வையாளர் போன் செய்தார். மேலே பெருமழை வருகிறது, ஏரியைக் கொஞ்சம் இறக்கிவிடு என்றார். மாமா தொட்டிக்குள் இருந்தார். சரி சார் என்று போனை வைத்தேன். சைரனை மூன்று முறை ஊதினேன். ஊதிய பிறகு விதிப்படி காத்திருக்க வேண்டிய நேரம் முழுக்கக் காத்திருந்தேன். மாமா குனிந்தபடியே கையைத் தூக்கிக் காட்டினார். சாவியைப் போட்டேன்.

அந்தப் பச்சைப் பட்டனைப் பற்றி இங்கே எழுத வேண்டும். ஒரு தட்டு தட்டினால் மதகு திறந்துவிடாது. அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும்வரைதான் ஏறும். விரலை எடுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

கணுக்கால் நனைந்ததும் மாமா திரும்பினார். "டேய் மாப்ளே, ஆள் இருக்கேன்டா" என்று கத்தினார். அதில் கோபம் இல்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். ஏணியை நோக்கி ஓரடி வைத்தார், தண்ணீர் காலை வாரிவிட்டது. முதல் பல்லில் விலா மோதியது. இரண்டு பற்களுக்கு நடுவே மாட்டிய இடது கை மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. வலது கையால் கட்டையைக் கட்டிப் பிடித்தபடி, நான் நின்ற மதகு அறை ஜன்னலைப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அசைத்தால் மதகை மூடு என்று பொருள். எனக்கு அதைச் சொல்லித் தந்தது அவர்தான். பிடியை விட்டு, அந்த ஒரே கையால் அதைச் செய்து காட்டினார்.

நான் தலையாட்டினேன்.

விரலை எடுக்கவில்லை. அந்தத் தொட்டியில் தண்ணீர் ஆளை வெளியே தள்ளாது. சுருட்டி மதகடிக்கு இழுக்கும், மறுபடியும் பற்களின்மேல் அடிக்கும். தலை கட்டையின் விளிம்பில் மோதியது. திரும்பி வந்து அதே விளிம்பில் மோதியது. பிறகு அது முகம் என்று சொல்லும்படி இருக்கவில்லை. நுரை கொஞ்ச நேரம் சிவந்து, பிறகு வெளுத்தது. ஆள்காட்டி விரல் வலித்ததால் கட்டை விரலுக்கு மாற்றிக்கொண்டேன்.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. மூன்று ஊதலும் கேட்டதாகக் கேண்டீன்காரர் சொன்னார். மாமா கையைத் தூக்கினார், ஏறிவிடுவார் என்று நம்பித் திறந்தேன் என்று நான் சொன்னேன். முதல் பாதி உண்மை. மேற்பார்வையாளர் என் தோளில் கை வைத்தார். "நீ ரூல்படிதான் செஞ்சிருக்கே தம்பி. சாவிய எடுத்துட்டுப் போகாதது அவர் தப்பு. மனசுல போட்டுக் குழப்பிக்காதே."

இன்றுதான் அக்கா வேலைக்குத் திரும்பினாள். மாமாவின் மழைக்கோட்டை எடுக்கப் படகுக் கொட்டகைக்கு வந்தவள், பாதியில் நின்ற ஷட்டருக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மறுபடியும் பாதியிலயே விட்டுட்டியாடா? போன தடவை என் மண்டை உடைஞ்சது பத்தலையா?"

"எப்பக்கா?"

"ஜூன்லதான். இருட்டுல குனியாம வந்து டமால்னு இடிச்சேன். உன்னை நாலு வாங்கு வாங்கணும்னுதான் கெளம்பினேன். உங்க மாமாதான் விடல. 'தெரிஞ்சா அவன் தூக்கத்த விட்டுட்டு இந்த ஷட்டரையே தள்ளிப் பாத்துட்டு இருப்பான். பாவம், அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே'ன்னாரு."

அந்த ஷட்டரின் விளிம்பிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அடிபடக்கூடாது என்று விளிம்பில் என் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

மாமாவைக் கொன்றது நான். இந்த வாக்கியத்தில் டீச்சர் வட்டம் போட ஒன்றும் இல்லை. வகுப்பிலிருந்து வந்ததிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாக யோசித்துப் பார்த்தேன். அக்காவை இனி யாரும் அடிக்க முடியாது என்பது இப்போதும் உண்மைதான். சைரன் ஊதினால் இப்போது யாரும் கையைத் தூக்கிக் காட்டுவதில்லை, எல்லோரும் ஓடுகிறார்கள். அணை முன்பைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது. தவறு என்று நான் எழுத வேண்டியது ஒன்றுதான், அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

நாளைய வேலை: ஷட்டருக்கு எண்ணெய் விட வேண்டும். முழுக்க மேலே ஏறிவிட்டதா என்று இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.