கடலடிக் குகையின் மூச்சு

உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன், குரோசு-சான். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஓர் இடத்தில்தான் என்னை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டீர்கள்.

கடலடிக் குகையில் வரும் இசையைச் சொல்கிறேன். வீடியோ கேம் இசையை இப்படிப் பிரித்து மேய்வார்கள் என்று அந்தக் காலத்தில் எங்களில் யாரும் நினைக்கவில்லை. மேலே ஒற்றைப் புல்லாங்குழல், கீழே நான்கு மனித மூச்சு. நான்கு மூச்சும் வரவரக் குறுகுவதும், நாலாவது தாளத்துக்கு முன்பே அறுந்து மறுபடி முதல் மூச்சில் போய் ஒட்டிக்கொள்வதும் கேம் ஆடுபவரைத் திணறடிக்கிறது என்கிறீர்கள். "இத எப்படி சார் யோசிச்சீங்க?" என்று செருப்பைக் கழற்றும்போதே கேட்டீர்கள். நான் யோசிக்கவில்லை.

ஆடுபவர் குகைக்குள் எவ்வளவு நேரம் சுற்றுவார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் இசைக்கு முடிவு கிடையாது. வாலும் தலையும் தையல் தெரியாமல் சேர வேண்டும். அந்த இடத்தைத் தேடுவதுதான் எங்கள் வேலையில் பாதி. கேம் கார்ட்ரிட்ஜில் எனக்கு ஒதுக்கிய இடமோ நான்கு மூச்சுக்குத்தான் காணும்.

கேமின் இயக்குநர் இகெயுச்சி தினமும் போன் செய்வார். "நாகதானி, எல்லாரும் வேலைய முடிச்சிட்டாங்க. உன் குகைல மட்டும் ஈ காக்கா இல்ல. என்ன, முட்டை கிட்டை அடைகாக்கிறியா?" அவருக்குச் சிரித்துக்காட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. நாற்காலியிலேயே தூங்கி நாற்காலியிலேயே எழுந்த நாட்கள் அவை.

என் மனைவி சிஸுருவுக்கு ஆஸ்துமா. மழைக்காலத்தில் சகாய் நகரத்தில் இருந்த எங்கள் வீட்டுப் பாயெல்லாம் ஈரம் ஏறிவிடும், அவள் நெஞ்சில் விசில் கேட்கும். அதை மைக்கில் பிடிக்கத் தொடங்கினேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

"ஏங்க, கல்யாணத்துக்கு ஒரு பாட்டு போடுங்கன்னேன், நேரமில்லன்னீங்க. இப்ப என் இழுப்புக்கு மெட்டா?"

"பேசாத. பதிவாகுது."

"பேயா நடிக்கறேனே, சம்பளம் உண்டா?"

அவளை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த மூச்சு குகைக்கு ஒத்துவரவில்லை. ரொம்பச் சீராக இருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம், பதிவு ஓடிக்கொண்டிருந்தபோதே அவளுக்கு உண்மையான இழுப்பு வந்தது. மேஜையில் இருந்த இன்ஹேலரைக் கைகாட்டினாள். எடுத்தேன். அதற்குள் ஹெட்ஃபோனில் அந்த ஒலி வந்தது, இதுதான் என்று தெரிந்துவிட்டது. இன்ஹேலரை அழுத்தினால் புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், அது மூச்சின்மேல் விழுந்தால் பிரித்தெடுக்க முடியாது. நான்கு மூச்சு கிடைத்ததும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதிலொன்றும் பெரிய தாமதம் இல்லை.

முதல் நான்கும் சேரவில்லை. அடுத்த நான்கில் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். துணி உரசும் சத்தம் மைக்குக்குப் போகாதபடி அவள் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டேன். இன்ஹேலர் என் மறுகையில் இருந்தது.

பிறகு வந்த நான்குதான் நீங்கள் கேட்டவை. நாலாவது அறுந்த இடத்தில் முதலாவதை ஒட்டிப் பார்த்தேன், தையல் தெரியவில்லை. திரும்பி இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். உள்ளே இழுக்க அவளிடம் மூச்சு இல்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் நான் குளித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். பாவம், ஆறுதல் சொன்னார்கள்.

இலையுதிர் காலத்தில் இதை அரங்கில் வாசிக்க வைக்கப் போகிறீர்கள், புல்லாங்குழல்காரர்கள் நிஜமாகவே மூச்சுவிட்டுக் காட்ட வேண்டும் என்கிறீர்கள். அவர்களுக்கு நான் வந்து சொல்லித்தர வேண்டுமாம். என்னால் முடியாது. எந்தக் கடையில் அந்தக் குகை இசை ஓடினாலும் பாதியில் வெளியே வந்துவிடுகிறவன் நான். மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. போலீசைக் கூப்பிடுவதென்றால் கூப்பிடுங்கள், ஹாலில்தான் போன் இருக்கிறது.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. போதும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பேன்.