உப்பளத்துக்காரிக்குத் தெரியாத உப்பு

இரங்கல் கூட்டத் தலைவர் பலராமன் அவர்களே, ஆய்வகத் தோழர்களே, நோணாங்குப்பத்திலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, வணக்கம். நான் இங்கே அதிக நேரம் நிற்க முடியாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முனைவர் சந்திரகலா! தேநீரைக்கூட நடந்துகொண்டே குடித்தவர். அவரைப் போய் அசையாமல் படுக்க வைத்துவிட்டோமே, இது நியாயமா?

அவர் உப்பளத்தில் பிறந்தவர். உப்பு என்றால் அவருக்குக் கடல் உப்புதான். இதோ, முன்வரிசையில் இருக்கும் கோவிந்தராசு அண்ணனின் கத்தரித் தோட்டத்துக்கு முதன்முதலாகப் போனபோது, "உப்பு அள்ளி அள்ளிப் போட்டிருக்கேம்மா, கொறையே வெக்கல" என்றார் இவர். பதறிப்போனார் சந்திரகலா! ஒரு பருவம் முழுக்கக் கிணற்றில் கடல் உப்பைத் தேடினார். இல்லை. பிறகுதான் புரிந்தது, ஊரில் உப்பு என்றால் யூரியா! "உப்பளத்துக்காரிக்கே உப்பு தெரியல பாருங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதே தண்ணீரில் நைட்ரேட்டைத் தேடினார். கைக்குழந்தைக்கு நஞ்சாகும் அளவுக்கு இருந்தது. சிரிப்பு நின்றுபோனது. அந்தத் தண்ணீரில்தான் அண்ணன் வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

யூரியா மண்ணில் நைட்ரேட்டாகிறது. பசித்த வேர் கதவைத் திறந்து அதை வாங்கிக்கொள்கிறது. வயிறு நிறைந்ததும் இலையிலிருந்து சேதி வருகிறது, வேர் கதவைச் சாத்துகிறது. அதற்குமேல் கொட்டுவது எங்கே போகும்? கிணற்றுக்குத்தானே! "செடிக்குப் போதும்னு சொல்லத் தெரியுது. நமக்குத்தான் காது கேக்கல" என்பார். கொஞ்சம் உப்பிலேயே கதவை அகலத் திறக்கும் கத்தரி எது? அதைத்தான் இரவும் பகலும் தேடினார்.

கடைசியாக விதைத்த நாற்றுகளை நைட்ரேட் இல்லாமல் பட்டினி போட்டிருந்தார். அதற்குள் அவர் போய்விட்டார். இன்று காலை அவருடைய மாணவி கார்குழலி என்னிடம் கேட்டாள்: "மேம் இல்லன்னு செடியும் சாவணுமா சார்? இன்னைக்குக் குடுத்தே ஆவணும்." நைட்ரேட்டைக் கொடுத்துவிட்டாள். வேர்கள் இந்நேரம் கதவைத் திறந்துகொண்டிருக்கின்றன! நண்பகலுக்குள் வேரை வெட்டி உறைய வைக்காவிட்டால், எந்தச் செடி எவ்வளவு திறந்தது என்று யாருக்கும் தெரியாது. மறுபடி விதைக்க அவர் வருவாரா?

இங்கே வரும்போது வாசலில் கோவிந்தராசு அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூட்டம் கெடக்கட்டும் சார். அந்தம்மா செடி என்னாச்சு?" என்றார். அண்ணே, அந்தக் கேள்விக்குப் பதிலோடு உங்கள் தோட்டத்துக்கு நாங்கள் வருவோம். அவர் விட்ட இடத்திலிருந்து ஒரு நாளும் நிற்காமல் செய்வோம்.

தலைவர் அவர்களே, இரண்டு நிமிட மௌனம் உண்டு என்றீர்கள். மன்னியுங்கள், நான் கிளம்புகிறேன். கார்குழலி அங்கே தனியாகக் கத்தியோடு காத்திருக்கிறாள். என் மௌனத்தை அங்கே செலுத்துகிறேன். வேர் வெட்டும்போது யாரும் பேசக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.